களத்துக் காற்றில் ஒரு காட்டுக் கொடி

மூன்று செடி வாங்கினேன். ஒன்று வேர் அழுகிச் செத்தது. இன்னொன்று நான் அடித்த மருந்தில் செத்தது. மூன்றாவது இப்போது எங்கள் கிணற்றுக்குள் இருக்கிறது. இது எப்படி நடந்தது என்பதை 2022 ஐப்பசியிலிருந்து நாட்குறிப்பில் எழுதி வைத்த அளவுகளைக் கொண்டு இங்கே சொல்கிறேன். வறண்ட ஊரில் இந்தக் கொடியை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் இரண்டு சாவுதான் அதிகம் பயன்படும் என்பதால் அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கொடியின் தாவரவியல் பெயர் சிஸ்ஸஸ் டிஸ்கலர். ஜாவாவில் வேலை பார்த்த புளூமே என்ற தாவரவியலாளர் 1825-இல் இட்ட பெயர் இது. சிஸ்ஸஸ் ஜவானா என்ற பெயரிலும் தேடலாம். நர்சரிக்காரர்கள் ரெக்ஸ் பிகோனியா வைன் என்று விற்கிறார்கள். பிகோனியாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலையில் இருக்கும் வெள்ளிக்கோலம் அதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். இலை நீண்ட இதய வடிவம். மேல்பக்கம் வெல்வெட் போன்ற கரும்பச்சை, நரம்புகளுக்கு நடுவே வெள்ளிப் பூச்சு. திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். தண்டும் பற்றுக்கம்பியும் சிவப்பு. பூவை யாரும் கவனிக்கப் போவதில்லை. இலைக்காக மட்டுமே வளர்க்கிற கொடி இது.

இதற்கு உண்மையான சொந்தம் நம் வேலியில் கிடக்கிற பிரண்டை. அதுவும் சிஸ்ஸஸ்தான், சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். இரண்டும் திராட்சைக் குடும்பம். இதைப் படித்ததும் எனக்கு வந்த தைரியத்தை என்னவென்று சொல்வது. எங்கள் கிளுவை வேலியில் பிரண்டை தண்ணீரே இல்லாமல் நாற்பது அடிக்கு ஓடிக் கிடக்கிறது. கிள்ளிப் போட்டால் போட்ட இடத்தில் முளைக்கிறது. அதன் பங்காளிக்கு ஒரு தொட்டியும் தினம் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்தால் போதாதா? எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், இதற்குப் பட்டுப் பிரண்டை என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார். வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர்.

ஊரும் காற்றும்

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் நிறைந்த மேட்டுப் பூமி. நான் ஒரு பருப்புக் களத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பருப்பு என்றால் தேங்காய்ப் பருப்பு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து லோடு லோடாகத் தேங்காய் இங்கே வந்து காய்வதற்குக் காரணம் எங்கள் காற்றுதான். உடைத்த தேங்காயில் பாதி எடை தண்ணீர். அதை ஆறு, ஏழு சதவீதத்துக்குக் கொண்டு வந்தால்தான் எண்ணெய் மில்லுக்குப் போகும். நல்ல வெயில் காலத்தில் களத்தில் ஒரு வாரத்துக்குள் அந்தத் தண்ணீர் எல்லாம் காற்றோடு போய்விடும். மேகம் மூடினால் பருப்பு பூசணம் பிடிக்கும், முதலாளி முகம் சுண்டும்.

பதினான்கு வருஷமாக அந்தக் காற்றைக் கணக்கில் எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். அதே காற்றில் ஒரு மழைக்காட்டுக் கொடியைத் திண்ணையில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இந்த ஆய்வில் நான் செய்த தப்புகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

ஐப்பசி முதல் மார்கழி வரை

கேரளத்து நர்சரி ஒன்றிலிருந்து கூரியரில் மூன்று கன்று வந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு, ஐந்து இலை. வந்த நேரம் வடகிழக்குப் பருவமழை. மழை ஈரத்தில் மூன்றும் சட்டெனத் துளிர்த்தன. கார்த்திகை முடிவதற்குள் ஒன்று இரண்டடி ஏறிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். நானும் தை மாசம் ஆளுக்கு ஒரு கிளை தருவதாகச் சொல்லி வைத்தேன்.

இந்த இரண்டு மாதம் என்னை நன்றாக ஏமாற்றியது. வறண்ட ஊரில் எந்தக் காட்டுச் செடியும் ஐப்பசியில் பிழைக்கும். வாங்குகிறவர்கள் ஐப்பசியில் பார்த்து முடிவு செய்யக் கூடாது, மாசியில் பார்க்க வேண்டும்.

தொடக்கத்திலேயே ஒரு சின்னத் தப்பும் நடந்தது. மணிபிளாண்டுக்கு வைப்பதுபோலத் தேங்காய் நார் சுற்றிய தடிக் கம்பம் நட்டேன். மணிபிளாண்ட் கணுவில் வேர் விட்டு ஒட்டிக்கொண்டு ஏறும். இது பற்றுக்கம்பியால் சுற்றிப் பிடிக்கிற கொடி. அந்தச் சின்னக் கம்பிக்கு என் மணிக்கட்டுப் பருமனுள்ள கம்பத்தைச் சுற்ற முடியவில்லை, காற்றில் தடவிக்கொண்டே இருந்தது. கம்பத்தைப் பிடுங்கிவிட்டுச் சணல் கயிறு கட்டியதும் இரண்டே நாளில் சுற்றிக்கொண்டது.

மார்கழியில் கீழ் இலைகள் மஞ்சளாகி விழுந்தன. விடியற்காலைக் குளிர் 19 டிகிரி வரை போனது. இது குளிருக்கு இலை உதிர்க்கிற கொடி, தண்டு பச்சையாக இருந்தால் விட்டுவிட வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினேன்.

முதல் சாவு: தண்ணீர்

தை பிறந்ததும் மழை ஈரம் முழுக்க வற்றியது. இலை ஓரங்கள் காகிதம்போலக் காய்ந்து சுருண்டன. ஓரம் காய்கிறதென்றால் தாகம் என்று நினைத்துக் காலையிலும் பொழுதோடவும் ஊற்றினேன். காய்ச்சல் இன்னும் உள்ளே ஏறியது. மாசி மாதம் முதல் செடி ஒரே நாளில் தொங்கிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பு. விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, மண் தொட்டியின் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் போர்த் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவியில், பார்த்தால் 1,400. குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நாம் குடிக்கலாம், தென்னைக்கும் பாய்ச்சலாம். மண் தொட்டியில் நிலைமை வேறு. தண்ணீர் பக்கவாட்டில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கும். தினம் ஊற்ற ஊற்ற நான் அதற்கு உப்புச் சுண்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு, தொட்டிக் கலவை. பக்கத்துக் கயிறு மில்லில் சும்மா கிடைத்த பச்சைத் தென்னைநார்க் கழிவை அப்படியே போட்டிருந்தேன். கழுவாத நார்க் கழிவில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கும். விலைக்கு விற்கும் கட்டிகளில் கழுவியது, கழுவாதது என்று பிரித்து எழுதியிருப்பதே இதற்காகத்தான். ஒரு வாளி கழிவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அந்தத் தண்ணீரை அளந்தேன். மீட்டர் 2,900 காட்டியது. ஐந்தாவது அலசலில்தான் 300-க்கு வந்தது.

அன்று முதல் மழைத்தண்ணீர், அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். ஏசித் தண்ணீர் எங்கள் வீட்டில் டிடிஎஸ் 18. கலவையையும் மாற்றினேன்: அலசிய நார்க் கழிவு இரண்டு பங்கு, இடித்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. ஓரம் காய்வது குறைந்தது, நிற்கவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால், ஓரக் காய்ச்சலுக்கு உப்பு, காற்று என்று இரண்டு காரணம் இருந்தது. நான் ஒன்றைத்தான் பிடித்திருந்தேன்.

இரண்டாவது சாவு: மருந்து

இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

காற்று ஈரம் போதவில்லை என்று ஒருவாறு புரிந்து, மீதியிருந்த இரண்டில் பெரியதன்மேல் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் உறையைக் கூடாரம்போலக் கவிழ்த்தேன். நல்ல பலன். பத்து நாளில் நுனி நீண்டது, இளம் இலைகள் சிவந்து விரிந்தன. பன்னிரண்டாம் நாள் இளந்தண்டிலும் இலையின் அடிப்பக்கத்திலும் கடுகில் பாதி அளவுக்குப் பளபளவென்று மணி மணியாக ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடி உருண்டைபோல, உள்ளே பார்த்தால் தெரிகிறது. இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனின் முட்டை என்று முடிவே செய்துவிட்டேன். கூடவே சிற்றெறும்பும் ஓடியதால் சந்தேகமே வரவில்லை.

லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். காலை பத்து மணிக்கு இலை நனைய அடித்துத் திரும்பவும் உறையை மூடினேன். பங்குனி வெயில். வழவழப்பான இலையில் எண்ணெய் வழிந்து ஓடிவிடும். இந்த இலையின் மேல்தோல் குட்டிக் குட்டி மேடாக இருப்பதால்தான் வெல்வெட் மாதிரி தெரிகிறது, அந்த மேடுகளுக்கு நடுவே எண்ணெய் அப்படியே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் இலையெல்லாம் வெந்த கீரை. ஒரு வாரத்தில் தண்டும் கறுத்தது.

அத்தை வந்து பார்த்தார்.

“ஏனம்மிணி, பெரண்டைக்கு மருந்தடிச்சு எங்காச்சும் பாத்திருக்கியா நீயி?”

“இல்லீங்கத்தை. இதுல முட்டை இருந்துச்சுங்க.”

“முட்டையா? வா இங்க.”

பக்கத்து வீட்டுப் பந்தல் திராட்சைக்குக் கூட்டிப்போனார். இளங்கொழுந்தைத் திருப்பினார். அதே மணி, அதே பளபளப்பு. “எனக்குக் கல்யாணமாகி வந்ததுலருந்து இந்தக் கொடியில இது இருக்குது. ஒரு நாளும் பூச்சி பொரிச்சதில்லை. எறும்பு தூக்கிட்டுப் போகும், அவ்வளவுதான்.”

அத்தை சொன்னது அத்தனையும் சரி. திராட்சைக் குடும்பத்துக் கொடிகளில் வேகமாக வளரும் இளம்பாகத்தில் இப்படி மணிகள் உண்டாகும். முத்துச் சுரப்பி என்று சொல்லலாம். அவை செடியின் தோலிலிருந்தே எழும் மெல்லிய திசு உருண்டைகள், உள்ளே எண்ணெய்ச் சத்தும் சர்க்கரையும் இருக்கும். எறும்பு அதைத் தின்ன வரும். எறும்பு நடமாடுகிற கொடியில் மற்ற பூச்சி உட்காரத் தயங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து செடி செழிப்பாக ஓடும்போதுதான் மணி நிறைய வரும். ஆக, எனக்கு முட்டையாகத் தெரிந்தது, செடி நன்றாக இருக்கிறது என்பதற்கான அடையாளம். வந்த நாளிலிருந்து அது மிக நன்றாக இருந்த வாரம் அந்த வாரம்தான்.

வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். சிலந்திப்பேன் என்றால் விழுந்த புள்ளிகள் சிறிது நேரத்தில் நகரும், இலையின் மேல்பக்கம் ஊசி குத்தியதுபோல வெளிறியிருக்கும், கணுக்களில் நூலாம்படை இருக்கும். முத்து மணி நகராது. நகத்தால் தொட்டால் உடைந்து ஈரமாகும், இலையில் காயம் எதுவும் இருக்காது. இது ஒரு நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை. உண்மையான சிலந்திப்பேனும் இந்தக் கொடிக்கு வறண்ட காலத்தில் வரத்தான் செய்யும். அப்போதுகூட முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே நல்லது, எண்ணெய் கடைசி வழி. அதையும் பொழுது சாய்ந்த பிறகு, ஒரே ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான்.

பங்காளிகள் ஏன் ஒத்துப்போகவில்லை

மீதி ஒரு செடி. சித்திரையில் அதுவும் இலையெல்லாம் கொட்டி ஓரடிக் குச்சியாக நின்றது. தண்டைக் கீறினால் உள்ளே பச்சை. அந்தக் குச்சியையும் வேலிப் பிரண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பிரண்டை தன் சதைத்தண்டிலேயே தண்ணீர் வைத்திருக்கிறது. இலை பேருக்குத்தான். பகல் வெயிலில் தண்டின் மூச்சுத்துளைகளை மூடிவிட்டு, இரவில் குளிர்ந்த பிறகு திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் செய்கிற அதே வேலை. பட்டுப் பிரண்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பகலில்தான் மூச்சு விடும். இலையோ உள்ளங்கை அகலத்தில் மெல்லியது. காட்டு மரங்களுக்கு அடியில், காற்றே தண்ணீராக இருக்கிற இடத்தில், அப்படி வளர்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் களத்துக் காற்றில் அது உடைத்துப் பரப்பிய தேங்காய்தான்.

வேலையில் பழகிய கணக்காகவே இதைப் போட்டுப் பார்த்தேன். 40 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 51 கிராம் நீராவி தாங்கும். ஈரப்பதம் 22 சதவீதம் என்றால் கையில் இருப்பது 11 கிராம், இன்னும் 40 கிராமுக்கு இடம் காலி. அந்தக் காலி இடம்தான் பருப்பையும் காய வைக்கிறது, இலையையும் காய வைக்கிறது. இலைமேல் தண்ணீர் தெளிப்பது பத்து நிமிஷம் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். உப்புத் தண்ணீராக இருந்தால் வெல்வெட்டில் வெள்ளைப் புள்ளி வேறு. தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் தொட்டி வைப்பது எங்கள் ஊர்க் காற்றுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கிணறு

வழி காட்டியதும் அத்தைதான், ஆனால் அவர் கொடியைப் பற்றிப் பேசவே இல்லை. வீட்டுக்கு வடபுறம் பழைய குடிதண்ணீர்க் கிணறு ஒன்று இருக்கிறது. வட்டக் கிணறு, பன்னிரண்டு அடி அகலம். போர் போட்ட பிறகு யாரும் இறைப்பதில்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்துக்கொண்டே, “சித்திரை வெயில்லயும் அந்தக் கொத்துமல்லித் தழையாட்டம் இருக்கறது வாடுதா பாரு” என்றார். கல் இடுக்கில் வளரும் பெரணியைச் சொன்னார். கறுத்த மெல்லிய காம்பில் விசிறி இலை, நர்சரியில் மெய்டன்ஹேர் என்று ஏசி அறையில் வைத்து விற்கும் அதே இனம். மெல்லிய இலைச் செடிகளில் அதைவிட அதிகமாக ஈரத்துக்கு ஏங்குபவை சிலதான். அது எங்கள் கிணற்றில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பரம்பரையாக இருக்கிறது.

களத்திலிருந்து ஈரமானியை எடுத்து வந்து கயிற்றில் கட்டி இறக்கினேன். மேலே திண்ணையில் 38 டிகிரி, ஈரப்பதம் 26. பதினெட்டடி ஆழத்தில் பாம்பேறியில் 29 டிகிரி, 74. கிணற்றுச் சுவரை உள்ளே சுற்றிவரும் திட்டைத்தான் நாங்கள் பாம்பேறி என்போம். 29 டிகிரியில் காற்று சுமார் 29 கிராம் தாங்கும், அதில் 21 ஏற்கெனவே நிரம்பிவிட்டது, காலி இடம் எட்டுக்குள். மேலே அதுவே 34. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இவ்வளவு வித்தியாசம். போதாததற்கு உள்ளே காற்றடிப்பே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் எங்கள் மேட்டில் அடிக்கிற காற்றில் காயப்போட்ட துணி கயிற்றில் நிற்காது. கிணற்றுக்குள் அப்போதும் ஓர் இலை அசையவில்லை.

வைகாசி முதல் வாரம் வீட்டுக்காரர் குச்சியோடு தொட்டியைக் கூடையில் வைத்து இறக்கினார். பாம்பேறியின் வடக்குப் பக்கம் வைத்தோம், படிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பதால் மட்டுமே. இருபத்தோராம் நாள் முதல் துளிர். ஆடி முடிவில் ஒன்பது இலை, ஓரம் ஒன்றுகூடக் காயவில்லை. முத்து மணிகளும் வந்தன. இந்தத் தடவை கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆவணி ஆறாம் தேதி

அப்புறம் ஆவணி முதல் வாரம், இரண்டே நாளில், மேல் இலை நான்கும் வெளிறி வெந்துபோயின. உப்பில்லை, மருந்தில்லை, காற்றில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு எட்டிப் பார்த்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. வெயில் நேராகக் கிணற்றின் அடிவரை விழுந்து தண்ணீர் மின்னியது. பாம்பேறி முழுக்க வெளிச்சம்.

காங்கேயம் 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் வடக்கே போகும்போது ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு தடவை, தெற்கே திரும்பும்போது ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி ஒரு தடவை, நமக்கு உச்சி மதியத்தில் நேர் தலைக்குமேல் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை மைதானத்தில் நிற்கவைத்து நிழல் இல்லா நாள் என்று காட்டுகிறார்களே, அதுதான். தமிழ்க் கணக்கில் சித்திரை ஏழும் ஆவணி ஆறும். வைகாசியிலிருந்து ஆடி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்திருந்தது, அதனால் வடக்குச் சுவர் தன் நிழலிலேயே என் செடியை மறைத்திருந்தது. படிக்கல் அங்கே இருந்ததால் தற்செயலாகக் கிடைத்த யோகம். ஆவணிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாயும், வெயில் வடக்குச் சுவரில் அடிக்கும். அங்கேயே விட்டிருந்தால் மூன்றாவதும் போயிருக்கும்.

தெற்குப் பக்கத்துக்கு மாற்றினோம். இப்போது எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது: சித்திரை ஏழுக்கு முன் வடக்குப் பக்கம், ஆவணி ஆறுக்கு முன் தெற்குப் பக்கம். மாறும் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் மேலே ஒரு தென்னங்கீற்றைக் குறுக்கே போட்டுவிடுவோம்.

கிணற்றுக்குள் ஒரு குறை உண்டு, வெளிச்சம் போதாது. கணுவுக்குக் கணு நான்கு விரற்கடை இடைவெளி, வெள்ளியும் மங்கல். செடிக்கு எதிர்ச்சுவரில் ஆறடி அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். செடி நிழலில் இருக்கும்போது வெயில் விழுவது அந்த எதிர்ச்சுவரில்தானே, அங்கே பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் போதுமானதாக இருந்தது. இரண்டு மாதத்தில் வந்த இலைகளில் வெள்ளி நன்றாக எழுந்தது. இந்த யோசனை என்னுடையது என்பதைப் பதிவு செய்கிறேன், மற்றதெல்லாம் அத்தையுடையது.

ஐப்பசியில் ஒரு கவலை. இரண்டு நல்ல மழையில் கிணற்று நீர் ஏறிப் பாம்பேறிக்கு இரண்டடி கீழே வந்துவிட்டது. கூடையில் மேலே தூக்கித் திண்ணையில் வைத்தோம். ஐப்பசிக் காற்றில் திண்ணை ஒன்றும் செய்யாது என்பது முதல் வருஷமே தெரிந்த விஷயம். அந்த நேரத்தில்தான் கிளை வெட்டினேன். இரண்டு கணு உள்ள எட்டுத் துண்டு, கீழ்க்கணு கலவைக்குள், மேலே பிளாஸ்டிக் டப்பா. ஆறு பிடித்தது. கார்த்திகை கடைசியில் தாய்ச்செடி திரும்பவும் கிணற்றுக்குள் போனது. மார்கழியில் பாம்பேறி விடியற்காலையிலும் 25 டிகிரிக்குக் கீழே போகவில்லை, இலையும் உதிரவில்லை.

2024 கோடைதான் உண்மையான பரீட்சை. ஈரோடு அந்த ஏப்ரல், மே மாதங்களில் 42 டிகிரியைத் தாண்டித் தினம் தினம் செய்தியில் வந்துகொண்டிருந்தது. எங்கள் திண்ணை ஒரு மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 22. அதே நேரம் பாம்பேறியில் 30, 72. பருப்பு களத்தில் ஐந்தாம் நாளே காய்ந்தது. கொடியில் புதுசாக மூன்று இலை.

கிணறு இல்லாதவர்கள் கேட்கிறார்கள். குளியலறை வடக்குச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவிலுள்ள சந்து, மூன்றடிக் குழி வெட்டி மேலே நிழல்வலை, பெரிய கண்ணாடிப் பெட்டி, இந்த மூன்றில் ஒன்று. குழியை நானே சோதித்தேன். சந்தைவிட நன்றாக இருக்கிறது, கிணற்றுக்குக் கிட்டே வராது. ஈரமானி 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. செடி வாங்குமுன் அதை வாங்கி, மாசி மாதம் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மதியத்தில் 60-க்குக் கீழே இறங்கினால் அந்த இடம் இதற்கு ஆகாது.

ஆறு கன்றில் ஒன்றை ஆனைமலையில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கொடுத்தேன். கூடவே அலசிய நார்க் கழிவு ஒரு பை, ஏசித் தண்ணீர் இரண்டு பாட்டில், ஒரு முழுப்பக்கக் குறிப்பு. எட்டு மாதம் கழித்துப் போன் செய்தேன்.

“அதா கண்ணு? தொட்டி ஒடைஞ்சு போச்சுன்னு பாக்குத் தோப்புல நட்டுட்டேன். மொளகுக் கொடியப் புடிச்சுட்டு மேல ஏறிப் போயிருச்சு. மொளகு பறிக்கத் தடையா இருக்குதுன்னு உங்க சித்தப்பா ரெண்டு வாட்டி வெட்டியுட்டாரு.”

“தண்ணி ஏதாச்சும் ஊத்துனீங்களா சின்னம்மா?”

“அதுக்கெதுக்குத் தண்ணி? பெரண்டைன்னுதான சொன்ன. தொவையல் அரைக்கலாமான்னு கேக்கோணும்னு இருந்தேன்.”

அரைக்க வேண்டாம் என்றேன். வெட்டிப் போட்டதில் நாலு துண்டு எடுத்து வைக்கச் சொன்னேன், அடுத்த வாரம் போய் வாங்க வேண்டும்.